பலகை இருக்கிறது, ஆட்டம் எங்கே?

கோயிலுக்குப் போகிறவர்கள் கோபுரத்தை அண்ணாந்து பார்ப்பார்கள். தூணிலுள்ள யாளியைப் பார்ப்பார்கள். விதானத்துச் சித்திரத்தைப் பார்ப்பார்கள். தரையைப் பார்த்து நடக்கிறவர்கள் மிகச் சிலரே. அந்தச் சிலருடைய கோஷ்டியைச் சேர்ந்தவர்கள் நாம். பக்தியின் மிகுதியினாலோ அடக்கத்தின் மிகுதியினாலோ வந்த பழக்கம் அன்று இது. பழைய மண்டபங்களின் கல் தளத்தில் எந்தக் காலத்திலோ யாரோ கீறி வைத்துப் போன ஆட்டக் கட்டங்களைத் தேடிப் பார்ப்பதில் நமக்கு ஒரு பித்து, அவ்வளவுதான்.

ஹம்பியின் இடிந்த மண்டபங்களில் இத்தகைய கட்டங்கள் ஏராளம். தமிழ்நாட்டுக் கோயில்களிலும் அவற்றுக்குக் குறைவில்லை. கடை விரித்து உட்கார்ந்த வியாபாரியோ, சுவாமி புறப்பாட்டுக்குக் காத்திருந்த சேவகனோ, வேலைக்கு நடுவே இளைப்பாறிய கல் தச்சனோ அவற்றைச் செதுக்கியிருக்கலாம். இரண்டு வரிசையாகக் குழிகள் இருந்தால், 'இது பல்லாங்குழி' என்று ஊகித்துவிடலாம். முக்கோணத்துக்குள் குறுக்குக் கோடுகள் ஓடினால், 'ஆடு புலி ஆட்டம்' என்று சொல்லிவிடலாம். வேறு சில கட்டங்களின் எதிரே எவ்வளவு நேரம் நின்றாலும் ஒன்றும் விளங்குவதில்லை. எத்தனை பேர் ஆடினார்கள்? காய்கள் எத்தனை? எந்த மூலையில் தொடங்கி எந்த மூலையில் முடித்தார்கள்? யாருக்கு வெற்றி? இவற்றில் ஒன்றுக்கும் கல் விடை சொல்லுவதில்லை. கோடு மட்டும் இருக்கிறது, ஆட்டம் போய்விட்டது.

கல்லில் வெட்டியது அழியாது என்று நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்வதுண்டு. வெட்டியது அழியாமல் இருக்கலாம். அதன் பொருளை அறிந்தவர்கள் அழிந்து போனால் என்ன செய்வது?

* * *

இந்தக் கேள்வி இப்போது எழுவதற்குக் காரணம் உண்டு. நம் பழைய ஆட்டங்களுக்குச் சில ஆண்டுகளாக ஒரு நல்ல காலம் பிறந்திருக்கிறது. 2002-ஆம் ஆண்டில் சென்னையில் தொடங்கப்பட்ட 'கிரீடா' என்னும் நிறுவனம் பல்லாங்குழி, பரமபதம், ஆடு புலி முதலிய ஆட்டங்களைத் திரும்பவும் வீடுகளுக்குக் கொண்டுவரும் பணியில் இறங்கியது. மைசூரிலுள்ள 'ராம்சன்ஸ் கலா பிரதிஷ்டானம்' பல ஊர்க் கைவினைஞர்களைக் கொண்டு ஆட்டப் பலகைகளும் விரிப்புகளும் காய்களும் செய்வித்து, 'கிரீடா கௌசல்யா' என்ற பெயரால் கண்காட்சிகள் நடத்தி வந்திருக்கிறது. மரத்திலும் பித்தளையிலும் செய்த பல்லாங்குழி, துணியில் வண்ணந் தீட்டிய சொக்கட்டான் விரிப்பு, அரக்கு மெருகேறிய காய்கள் என்று வகை வகையாக வைத்திருப்பதைப் பார்த்தால், வயதை மறந்து தரையில் உட்கார்ந்துவிடலாமா என்று தோன்றுகிறது.

மைசூரில் இது நடப்பது மிகவும் பொருத்தம். அந்நாட்டை ஆண்ட மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார் (1794–1868) ஆட்டங்களில் அளவற்ற மோகம் கொண்டவர். இருக்கிற ஆட்டங்கள் போதாவென்று புதியனவும் தாமே வகுத்தார். அவர் ஆதரவில் தொகுக்கப்பெற்ற 'ஸ்ரீதத்துவநிதி' என்னும் பெரு நூலில் தெய்வங்களின் தியான உருவங்களோடு ஆட்டங்களுக்கும் இடமுண்டு. ஆட்சிப் பொறுப்பைக் கும்பினியார் 1831-இல் பறித்துக்கொண்ட பிறகு, அரசருக்குக் கையில் எஞ்சியது காலம் ஒன்றுதான். அந்தக் காலத்தை அவர் வீணாக்கவில்லை என்பதற்கு அவர் விட்டுப் போன ஆட்டக் கட்டங்கள் சாட்சி. விதிகளை ஏட்டில் ஏற்றாமல் பலகையை மட்டும் வைத்துவிட்டுப் போனால் பயனில்லை என்பதை அந்த மன்னர் அறிந்திருந்தார்.

பலகை வேறு, ஆட்டம் வேறு என்பதை நமக்கு எடுத்துக் காட்டும் சரித்திரம் இன்னொன்றும் உண்டு. அது கப்பலேறிப் போன கதை.

* * *

சிலுவை வடிவான நான்கு கைகளையுடைய சொக்கட்டானும் அதன் உடன்பிறப்பாகிய பச்சீசியும் வட நாட்டில் அரண்மனை முதல் குடிசை வரையில் ஆடப்பட்டவை. அக்பர் காலத்துச் சௌபடத்தைப் பற்றி அபுல் பஸல் தமது 'அயினி அக்பரி'யில் எழுதியிருக்கிறார். பதேபூர் சிக்ரி அரண்மனை முற்றத்தில் பெரிய பச்சீசிக் கட்டம் கல்லிலேயே அமைந்திருப்பதை இன்றும் காணலாம். பாதுஷா மனிதர்களையே காய்களாக நிறுத்தி அங்கே ஆடினார் என்று ஒரு கதை வழங்கி வருகிறது. கதை எப்படியானாலும் கட்டம் இருக்கிறது.

இந்த ஆட்டம் கடல் கடந்தது. 1874-இல் அமெரிக்காவில் 'பார்ச்சீசி' என்ற பெயர் ஒரு வியாபாரியின் வணிகக் குறியாகப் பதிவாயிற்று. 1896-இல் இங்கிலாந்தில் 'லூடோ' என்ற பெயரில் இதன் சுருங்கிய வடிவம் ஒன்று காப்புரிமை பெற்றது. பிறகு அந்த லூடோ அட்டைப் பெட்டிக்குள் புகுந்து நம் நாட்டுக்கே திரும்பி வந்தது. பாட்டன் வீட்டுச் சொத்தைப் பேரன் கடையில் விலைக்கு வாங்கினான். வாங்கியது பாட்டன் சொத்து என்பதுகூட அவனுக்குத் தெரியாது.

பரமபதத்தின் கதையும் இதுவே. வைகுண்ட ஏகாதசி இரவில் கண் விழிப்பதற்காகக் குடும்பத்தார் சுற்றி உட்கார்ந்து ஆடும் அந்தப் படத்தில், ஒவ்வொரு பாம்புக்கும் ஓர் அரக்கன் பெயரோ ஒரு பாவத்தின் பெயரோ உண்டு. ஏணிகளுக்குப் புண்ணியங்களின் பெயர்கள் உண்டு. உச்சியில் வைகுண்டம். 1892-இல் இங்கிலாந்தில் இதைப் போன்றதொரு படம் விற்பனைக்கு வந்தது. ஆரம்பத்தில் அவர்களும் தங்கள் நாட்டு நீதிகளைக் கட்டங்களில் எழுதினார்கள். நாளடைவில் நீதிகள் உதிர்ந்தன. ஒன்று முதல் நூறு வரையில் எண்கள் மட்டும் மிஞ்சின. வைகுண்டம் இருந்த இடத்தில் நூறு என்ற எண் நிற்கிறது. பாம்பு கடிக்கிறது, எதற்காகக் கடித்தது என்று குழந்தை கேட்டால் சொல்லுவதற்கு ஒன்றுமில்லை.

லூடோவிலும் இப்படி ஒன்று கைநழுவிப் போயிற்று. அது பகடை. நம் தாயக்கட்டை நீண்ட பித்தளைக் கட்டை, நான்கு முகம், ஒரு முகம் வெறுமை, மற்றவற்றில் 1, 2, 3 என்று புள்ளிகள். இரண்டு கட்டைகளையும் சேர்த்து உருட்டினால் அவை 16 விதமாக விழக்கூடும். அவற்றுள் தாயம், அதாவது ஒன்று, விழுவதற்கு 2 வழிகளே உண்டு. மூன்று விழுவதற்கு 4 வழிகள். ஆறு விழுவதற்கு ஒரே வழி. இரண்டும் வெறுமையாக விழுந்தால் 12. அதற்கும் ஒரே வழி. சிறுகச் சேர்ப்பது எளிது. பெரிதாக விழுவது அரிது. தொடங்குவதற்கு வேண்டிய ஒன்றும் எட்டில் ஒரு பங்கு அதிர்ஷ்டந்தான். கன சதுரப் பகடையிலோ எல்லா எண்களும் ஒன்று போலவே விழும். 1, 5, 6, 12 விழுந்தால் மறுபடி உருட்டலாம் என்ற நம் விதியின் சுவை அந்தச் சதுரக் கட்டைக்கு எப்படித் தெரியும்?

இதில் கைவினைஞருடைய பங்கைக் கவனிக்க வேண்டும். கட்டையின் ஒரு முகம் மயிரிழை அகன்றாலும், ஒரு விளிம்பு கூடுதலாக மழுங்கினாலும், மேற்சொன்ன கணக்கெல்லாம் கெட்டுப் போகும். அராவிய கையின் நேர்மையில்தான் ஆட்டத்தின் நேர்மை இருக்கிறது. பித்தளைக் கட்டைகளை உள்ளங்கைகளுக்கிடையில் தேய்த்து உருட்டும்போது எழும் 'கலகல' ஓசையைக் கேட்டே, இது நல்ல கட்டை, இது மோசக் கட்டை என்று சொல்லக்கூடிய பாட்டிமார்கள் இருந்தார்கள்.

காய்களும் அப்படியே. பெங்களூருக்கும் மைசூருக்கும் இடையிலுள்ள சென்னபட்டணத்தில் பாலை மரத்தைக் கடைசல் பட்டறையில் சுழல விட்டு, வண்ண அரக்குக் கோலை அதன்மேல் வைத்து அழுத்துவார்கள். உராய்வின் சூட்டில் அரக்கு உருகி மரத்தில் படியும். பிறகு தாழை மடலை வைத்துத் தேய்த்தால் கண்ணாடி போன்ற மெருகு வந்துவிடும். குழந்தை வாயில் வைத்துக் கடித்தாலும் அஞ்ச வேண்டாத பழைய முறை இது. இப்படிக் கடைந்த நாலு நிறக் காய்களைக் கையில் எடுத்தவன், அச்சில் வார்த்த பிளாஸ்டிக் காயைத் திரும்பியும் பார்க்க மாட்டான்.

* * *

இனி நம் வீட்டுச் சமாசாரத்துக்கு வருவோம்.

நண்பர் ஒருவர் நமக்குப் பல்லாங்குழிப் பலகை ஒன்றைப் பரிசாகக் கொடுத்தார். கைவினைப் பொருள்தான். விளிம்பில் கொடியும் மலரும். இரு முனைகளிலும் அன்னம். வார்னிஷ் பளபளப்பில் முகம் பார்க்கலாம். நம் அத்தைக்கு வயது எழுபத்தாறு, தஞ்சாவூர்ப் பக்கம். பலகையை அவர் முன் கொண்டுபோய் வைத்தோம். அவர் அன்னத்தையும் பார்க்கவில்லை, கொடியையும் பார்க்கவில்லை. ஒரு குழியில் ஐந்து புளியங்கொட்டைகளைப் போட்டு, நாலு விரலைக் குவித்து ஒரே வழியாக அள்ளினார். மூன்று கொட்டைகள் வந்தன, இரண்டு தங்கிவிட்டன. மறுபடி அள்ளினார், மறுபடியும் ஒன்று தங்கிற்று.

"இது ஆடுகிற பலகை இல்லை, கொலுவிலே வைக்கிற பலகை" என்று சொல்லி நகர்த்தி வைத்துவிட்டார்.

விஷயம் இதுதான்: குழியின் பக்கங்கள் கிணற்றுச் சுவர் மாதிரி செங்குத்தாக இறங்கியிருந்தன. ஆடுகிற பலகையில் குழி, தேங்காய் மூடியின் உட்புறம் போல் வழவழவென்று சரிந்து இறங்க வேண்டும். விரல் நுழைந்து வெளியே வரும்போது ஒரு காயும் மிஞ்சக் கூடாது. பல்லாங்குழி வேகத்தின் ஆட்டம். ஒவ்வொரு குழியிலும் நின்று தோண்டிக்கொண்டிருந்தால் எதிரி கணக்குப் போட்டுவிடுவாள்.

நமக்குத் தெரிந்த தச்சர் ஒருவரிடம் போய் விஷயத்தைச் சொன்னோம். அவர் சிரித்தார்.

"அம்மா சொல்றது சரிதாங்க. ஆனால் என்னிடம் பத்துப் பலகை கேட்டு வந்தால் ஒன்பது பேர் சுவரில் மாட்டத்தான் கேட்கிறார்கள். மாட்டுகிறவர்களுக்கு மேலே செதுக்கல் அழகாக இருக்க வேணும். குழி எப்படி இருந்தால் அவர்களுக்கு என்னங்க?"

அந்தத் தச்சரின் சொல்லை நாம் பல நாள் நினைத்துப் பார்த்தோம். கைத்தொழில் அழிகிறது என்று கவலைப்படுகிறவர்கள், வாங்குகிறவர்கள் குறைவதைத்தான் பெரிய ஆபத்தாகக் கருதுகிறார்கள். இங்கே வாங்குகிறவர்கள் பெருகியிருக்கிறார்கள். ஆனாலும் தொழில் ஒரு படி இறங்கியிருக்கிறது. குழியைச் சரியாகக் குடையும் வித்தையை உளி யாரிடம் கற்றுக்கொண்டது? ஆடுகிறவளுடைய விரலிடந்தான். 'இது சரியில்லை, இன்னும் சற்றுச் சாய்த்துக் குடை' என்று சொல்ல ஒருத்தி இருந்த வரையில் தச்சனுக்கு அந்த வித்தை மறக்கவில்லை. அவள் எழுந்து போய்விட்டால், எவ்வளவு நல்ல விலை கொடுத்தாலும் அன்னமும் கொடியும் கிடைக்கும்; பல்லாங்குழி கிடைக்காது.

தச்சர் நல்ல மனிதர். ஒரு பலாப் பலகையை எடுத்து, அத்தையையும் பட்டறைக்கே வரவழைத்து, குழிக்குக் குழி அவர் விரலால் சோதிக்கச் செய்து, வரிசைக்கு ஏழாகப் பதினான்கு குழிகளைக் குடைந்து கொடுத்தார். அன்னம் இல்லை, வார்னிஷ் இல்லை. எண்ணெய் தேய்த்ததோடு சரி. அதுவும் கைவினைப் பொருள்தான். அதைச் சுவரில் மாட்டினால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

* * *

பலகை வந்ததும் விதிகளை எழுதி வைத்துக்கொள்ளலாமென்று நோட்டுப் புத்தகத்துடன் அத்தையின் அருகில் உட்கார்ந்தோம்.

"ஒரு குழியில் இருக்கிறதை எடுத்து ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போகிறது. முடிந்த இடத்துக்கு அடுத்த குழியை எடுக்கிறது. அப்புறம்..." என்று ஆரம்பித்தவர் நின்றுவிட்டார். யோசித்தார். "வாயால் சொன்னால் வரவில்லையப்பா. காயைக் கொண்டா" என்றார்.

காய்களைக் கையில் கொடுத்தோம். அவ்வளவுதான், கை தானாகவே போயிற்று. எழுபத்தாறு வயதுக் கை இருபது வயதுக் கையாக மாறி, குழிக்குக் குழி தாவிற்று. கடைசிக் காய் விழுந்த குழிக்கு அடுத்தது வெறுங்குழியாக இருந்தால், அதைத் துடைத்துவிட்டு, அதற்கும் அடுத்த குழியிலுள்ளதை அள்ளிக்கொள்ள வேண்டும். இரண்டு குழிகள் சேர்ந்தாற்போல் வெறுமையாயிருந்தால் ஒன்றும் கிடையாது, ஆட்டம் எதிரியின் கைக்குப் போகும் என்ற விதிகளெல்லாம் விரலின் நுனியிலிருந்து ஒவ்வொன்றாக வெளிவந்தன. இவற்றை அவர் மூளையில் வைத்திருக்கவில்லை, கையில் வைத்திருந்தார். கேட்பதற்குப் பலகை ஒன்று வேண்டியிருந்தது.

இதற்குள் எதிர்வீட்டு ஆச்சி வந்து சேர்ந்தார். அவர் திருநெல்வேலிச் சீமை. பலகையைக் கண்டதும் கால் வலியை மறந்து சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டார். முதல் குழியிலேயே யுத்தம் மூண்டது.

"குழிக்கு ஐந்து, ஆச்சி" என்றார் அத்தை.

"எங்க ஊர்ல ஆறும்மா. அஞ்சு போட்டா ஆட்டம் சப்புனு முடிஞ்சு போகும்" என்றார் ஆச்சி.

ஐந்தானால் மொத்தம் 70 காய், ஆறானால் 84. இது தீர்வதற்குள் 'பசு' விவகாரம் வந்தது. ஆட்டத்தின் நடுவில் ஒரு குழியில் சரியாக நான்கு காய்கள் சேர்ந்தால் அதற்குப் பசு என்று பெயர். அந்தப் பசு, குழி யார் பக்கத்திலிருக்கிறதோ அவருக்கா, நான்காவது காயைப் போட்டவருக்கா? அத்தை குழிக்காரர் கட்சி. ஆச்சி போட்டவர் கட்சி. உயர் நீதிமன்றத்துக்குப் போகக்கூடிய வழக்கு! கடைசியில், திங்கட்கிழமை தஞ்சாவூர் விதி, செவ்வாய்க்கிழமை நெல்லை விதி என்று சமாதான உடன்படிக்கை ஏற்பட்டது. இரண்டையும் நோட்டுப் புத்தகத்தில் எழுதி, எந்த ஊர், யார் சொன்னது என்பதையும் குறித்து வைத்திருக்கிறோம். எது சரி என்று தீர்ப்புச் சொல்லும் உத்தேசம் நமக்கு இல்லை. இரண்டும் சரியென்பதுதான் நம் அபிப்பிராயம். ஒரே விதியை அச்சிட்டுப் பெட்டியில் வைத்து, மற்றவையெல்லாம் தப்பு என்று பிள்ளைகள் நம்பும்படி செய்துவிட்டால், அதுவும் ஒரு வகை அழிவுதான்.

ஆட்டம் ஓர் ஊரில் நிற்கிறதுமில்லை. கன்னட நாட்டில் இதுவே 'அளிகுளி மணெ'. ஆந்திரத்தில் 'வாமன குண்டலு'. இலங்கைச் சிங்களவரிடையே குன்றிமணி வைத்து ஆடும் 'ஒலிந்த கெலிய'. மலாய் நாட்டில் 'சொங்காக்'. ஆப்பிரிக்காவிலோ இந்தக் குடும்பத்து ஆட்டங்களுக்குக் கணக்கில்லை. இத்தனை தேசங்களுக்குப் பொதுவாயிருந்தும், பசு என்று ஒன்று குழியில் வந்து பிறப்பதைக் கண்டு மகிழ்ந்தவர்கள் நம்மவர்கள்.

இந்தப் பசுவைப் பற்றி ஆழ்ந்து சிந்தித்தவர் தொ. பரமசிவன் (1950–2020). ஆரம்பத்தில் எல்லாக் குழிக்கும் சமமாகக் காய். ஆட்டம் வளர வளர ஒருவருக்குச் செல்வமும் மற்றவருக்கு வறுமையும். மனித சமூகத்தில் தனிச் சொத்து தோன்றிய கதையின் சாயலை அவர் இந்த ஆட்டத்தில் கண்டார். கருவுற்ற பெண்ணும் பூப்பெய்திய பெண்ணும் பொழுது போக்குவதற்காக மட்டும் ஏற்பட்டதென்று நாம் எண்ணியிருந்த ஒரு மரத் துண்டு, இவ்வளவு பெரிய விஷயத்தை மடியில் கட்டிக்கொண்டிருந்தது! சீர்வரிசையில் பாத்திரங்களுக்கு நடுவே அதை வைத்து அனுப்பினார்கள் அல்லவா? போகிற வீட்டில் செல்வம் எப்படிக் கைமாறும் என்பதைப் பெண் தெரிந்துகொள்ளட்டும் என்றும் நினைத்திருக்கலாம்.

* * *

'இதற்கெல்லாம் இப்போது யாருக்கு நேரமிருக்கிறது?' என்று கேட்பவர்கள் உண்டு. கைக்குள் அடங்கும் தொலைபேசியில் பிள்ளைகள் செலவிடும் நேரத்தைக் கண்டவர்கள் இப்படிக் கேட்க மாட்டார்கள். நேரம் இருக்கிறது, எதிரே ஆள்தான் இல்லை. தொலைபேசியிலும் தாயமும் பல்லாங்குழியும் ஆடலாமே என்றால், ஆடலாம். ஆனால் அங்கே விதியைப் பற்றி வாதாட முடியாது. பசு யாருக்கு என்று இயந்திரம் சொன்னதே தீர்ப்பு. வழக்காடுவதற்கு ஆச்சி வேண்டும்.

'பகடை சூதாட்டம் அல்லவா? திருக்குறளில் அதற்கென்று 94-ஆம் அதிகாரமே இருக்கிறதே!' என்று வேறு சிலர் அஞ்சுவார்கள். வள்ளுவர் கண்டித்தது பணயம் வைத்துப் பொருளையும் மானத்தையும் இழப்பதை. புளியங்கொட்டையைப் பணயம் வைத்து நாடிழந்தவர் எவருமில்லை. பகடையே கூடாதென்றால் ஆடு புலி ஆட்டம் இருக்கிறது. அதில் அதிர்ஷ்டத்துக்கு அணுவளவும் இடமில்லை. 23 புள்ளிகள், 3 புலிகள், 15 ஆடுகள். ஆட்டுக்குப் பின்னால் இடம் காலியாயிருந்தால் புலி தாண்டிக் குதித்து வெட்டிவிடும். ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு ஆடுகள் நின்றாலோ, புலியினால் ஒன்றும் செய்ய முடியாது. பல் இல்லாத, நகம் இல்லாத ஆடுகள் ஒன்றோடொன்று சேர்ந்து நின்றே புலியை அசைய விடாமல் கட்டிப் போடுகின்றன. ஒற்றுமையைப் பற்றிப் பிள்ளைகளுக்கு ஆயிரம் பிரசங்கம் செய்வதைவிட, ஒருநாள் ஆடுகளின் பக்கம் உட்கார வைப்பது மேல் என்பது நம் அனுபவம்.

கைவினைஞர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. விலை அதிகம் என்று சொல்லி, இயந்திரத்தில் குடைந்த பலகையை வாங்குகிறவர்கள் பலர். அப்படி ஒரு பலகையை நாம் கண்டோம். வரிசைக்கு ஆறு குழிதான் இருந்தது. வெளிநாட்டு ஆட்டம் ஒன்றின் அளவு அது. பெயர் மட்டும் பல்லாங்குழி. நம் தச்சர் இரண்டு நாள் உழைத்துச் செய்த பலகை, சரியாக வைத்துக் காப்பாற்றினால் நம் பேரப் பிள்ளைகள் காலம் வரையில் இருக்கும். இரண்டு நாள் கூலியை மூன்று தலைமுறைக்குப் பங்கிட்டுப் பார்த்தால் அதைவிட மலிவான பொருள் வீட்டில் வேறொன்று இருக்க முடியாது.

ஆகையால் கைவினைப் பலகை வாங்கப் போகும் நேயர்களுக்கு நம் விண்ணப்பம் இது: அழகைப் பார்த்து மயங்கி உடனே பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள். நாலு காயைக் குழியில் போட்டு அள்ளிப் பாருங்கள். கட்டையை இருபது தடவை உருட்டிப் பாருங்கள். முடிந்தால் விற்கிறவரோடு அங்கேயே உட்கார்ந்து ஓர் ஆட்டம் ஆடுங்கள். குறை இருந்தால் சொல்லுங்கள். கைவினைஞருக்குப் பணத்தைப் போலவே குறையும் வேண்டும். குறை சொல்லத் தெரிந்தவர்கள் இருக்கிற வரையில்தான் அவருடைய வித்தைக்கு வளர்ச்சி உண்டு.

பலகை வாங்க வசதியில்லாதவர்களும் வருந்த வேண்டாம். சுண்ணாம்புக் கட்டியும் திண்ணையும் போதும். கோல மாவும் கூடமும் போதும். நம் ஆட்டங்கள் கடைக்காரரை எதிர்பார்த்துப் பிறந்தவை அல்ல. ஆனால் வீட்டில் எழுபது, எண்பது வயதானவர்கள் இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகலுக்குள் அவர்கள் எதிரில் ஒரு கட்டத்தைப் போட்டு, காயைக் கையில் கொடுத்துவிடுங்கள். அவர்கள் வாய் மறந்ததைக் கை சொல்லும். பக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கட்டும். ஊர்ப் பெயரையும், அவர்கள் வழங்கும் சொற்களையும் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். பேத்தியையும் பேரனையும் எதிரே உட்கார்த்தி வையுங்கள்; எழுதியதைவிட ஆடியதுதான் நிலைக்கும்.

முதல் நாளிலேயே தோற்றுப் போனால் கவலை வேண்டாம். தோற்றவரிடம் மிஞ்சிய காய்கள் ஒரு குழியை நிரப்பக்கூடப் போதாமல் ஐந்துக்கும் குறைந்துவிட்டால், குழிக்கு ஒன்றாக இட்டுத் திரும்பவும் ஆடலாம் என்று ஒரு விதி உண்டு. அதற்குக் 'கஞ்சி காய்ச்சுதல்' என்று பெயர். கையில் நாலே நாலு காய் இருந்தாலும் ஆட்டத்தை விட்டு எழுந்து போகாதே என்பது அந்த விதியின் கருத்து. நம் பழைய ஆட்டங்களின் நிலைமையும் இன்று அதுதான். மிஞ்சியிருக்கும் காய்களை வைத்துக் கஞ்சி காய்ச்சத் தொடங்குவோம்.